பூச்சி பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

1

இன்று காலை தனம் மர அலமாரியைத் திறந்தாள். அந்துருண்டை வாசனை அடுக்களை வரைக்கும் நடந்து வந்து, என் கோப்பிக் குவளைக்குள் எட்டிப் பார்த்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு அது தீபாவளி வாசனையாக இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை வெளியே வருகிற பட்டுப்புடவையின் பெருமூச்சு. எனக்கு அப்படியில்லை. எனக்கு அது கண்ணாடிக்குள் வரிசையாக ஊசி குத்தி வைத்த வண்டுகளின் வாசனை. கடலுக்குள் ஒரு தீவு, தீவுக்குள் ஒரு கூடம், கூடத்துக்குள் குளிர்சாதனக் காற்று, அந்தக் காற்றுக்குள் இந்த வாசனை. போன வருடம் ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு பூச்சி பார்க்கப் போனோம்.

காசு கொடுத்துப் பூச்சி பார்ப்பார்களா என்று சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் எதையும் சுத்தமாக்கிக் கண்ணாடி போட்டு விளக்கு வைத்தால் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். கரப்பான் பூச்சிக்குக்கூட அங்கே லத்தீனில் பெயர் எழுதியிருக்கிறது.

2

உங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு இப்படி எழுதுவது போக, நான் துறைமுகக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிறவன். பெட்டியின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எழுதியிருப்பதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் வேலை முடிந்து சட்டையைக் கழற்றினாலும் கழலுவதில்லை.

அப்போது எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், தனம், எங்கள் ஒரே மகள் கயல், அப்புறம் தனத்தின் தங்கை வசந்தா. வசந்தாவைக் கட்டிக்கொண்டவர் இங்கேயே பிறந்தவர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு நாள் காலையில் போனவர், அங்கே நடந்த விபத்தில் சிக்கித் திரும்பவில்லை. குழந்தையும் இல்லை. அவளைத் திருச்சிக்கு அனுப்பிவிடலாமா என்று பேச்சு வந்தபோது, "அங்க போய் என்ன செய்யப் போறேன்க்கா, இங்க வேலையாவது இருக்கு" என்றாள். அன்றிலிருந்து எங்களோடுதான். ஜூரோங்கில் எலக்ட்ரானிக் கம்பெனியில் வேலை. புக்கிட் பாத்தோக்கில் இந்த அடுக்குமாடி வீடு கிடைத்தபோது, வீடமைப்பு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விரலால் அவள் பெயரைத் தொட்டு, "இவங்க யாரு?" என்று கேட்டார். மனைவியின் தங்கை என்று ஆங்கிலத்தில் சொல்ல வந்த நான், பதற்றத்தில் என் தங்கையின் மனைவி என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கயல் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பூச்சிக் கூடத்துக்குப் போகலாம் என்று முதலில் சொன்னதும் கயல்தான். அவளுக்குப் பதினெட்டு. ஜூனியர் கல்லூரியில் படிக்கிறாள். என்னோடு வெளியே வருவதை விட்டு ரொம்ப நாளாகிறது. பஸ்ஸில்கூட இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்காருவாள். அவள் வந்து, "அப்பா, சண்டே எல்லாரும் சேர்ந்து போலாம், ஃபேமிலி அவுட்டிங்" என்றால் எந்தத் தகப்பனுக்கும் மூக்கு விடைக்கும்.

"பூச்சியா? எதுக்கு?"

"பயாலஜிக்கு யூஸ் ஆகும் பா."

"நீ எடுத்திருக்கிறது எக்கனாமிக்ஸ்."

"ஜெனரல் நாலெட்ஜ் லா." இந்த ஊர்ப் பேச்சின் வாலில் இப்படி ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும்.

சரி. ஆனால் தனம்? விளக்குமாறை ஓங்கினால் இறங்கும்போது ஒரு பூச்சி சாகாமல் இருந்ததில்லை. அப்படிப்பட்டவள், "பாவம், புள்ள ஆசைப்படுது" என்று உடனே தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வேலையை மாற்றிக்கொள்ளவே மாட்டாத வசந்தா மாற்றிக்கொண்டாள். சனிக்கிழமையே தனம் என் கட்டம் போட்ட சட்டையை வேண்டாமென்று எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். ஞாயிறு காலை, அடுக்குப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சாதத்தை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். நான்கு பேருக்கு அவ்வளவு சாதமா? பையைத் தூக்கிப் பார்த்தேன். காகிதத் தட்டும் கூடுதலாக இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பெண் பார்க்கும் ஏற்பாடு.

அதெப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் தனத்தைப் பார்த்தேன். திருச்சியில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த சமயம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வந்தால் பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும் என்று, இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் ஏற்பாடு. ராட்டினத்துக்குப் பக்கத்தில் டெல்லி அப்பளக் கடை. என் அத்தை நாடக மேடையில் நிற்பவள்போல் கையை விரித்து, "அட, நீங்களா!" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு "அட!" வந்தது. நடுவில் கையில் பாதி அப்பளத்தோடு தனம். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முதலிரவில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "அன்னிக்கு வாயெல்லாம் அப்பளம், அதோட பார்த்துட்டீங்களே" என்பதுதான்.

அந்த அப்பளம் என் தொண்டையில் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் கயல் பெரியவளானபோதே அவளிடம் சொல்லியிருந்தேன்: "உனக்குத் தெரியாம யாரும் உன்னைப் பார்க்க மாட்டாங்க. படிப்பு முடியற வரைக்கும் யாரும் பார்க்கவே மாட்டாங்க." அந்த வாக்கை என் பெண்டாட்டியே, பிள்ளை வாயாலேயே கேட்க வைத்து, பூச்சியைக் காட்டி உடைக்கப் போகிறாளா?

வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார்கள். கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

3

தேக்காவில் பஸ் மாற வேண்டும். இறங்கியதும் தனம், "கொஞ்சம் இருங்க, வாழைப்பழம் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சந்தைக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே போனேன். ஈரத்தரை, மீன் செதில், சாம்பிராணிப் புகை, ஆட்டுக்கறிக் கடைக்காரரின் ரேடியோ. இதற்கெல்லாம் அப்பால் என் மனைவி பொதுத் தொலைபேசியில் கையைக் குவித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட?"

"பக்கத்து வீட்டம்மாகிட்ட. கேஸ் அடுப்பை மூடினேனான்னு."

"உள்ள போய்ப் பார்க்க அவங்ககிட்ட சாவி ஏது?"

"வாசனை வருதான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பழம் வாங்காமலே நடந்தாள்.

டோபி காட் பக்கம் நிலத்தடி ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் தகரத் தடுப்புகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது. உள்ளே எவ்வளவு ஆழமோ, என்ன வேலை நடக்கிறதோ, தெரியாது. மேலே மட்டும் சிரித்த முகத்தோடு ஓர் அறிவிப்புப் பலகை, சிரமத்துக்கு மன்னிக்கும்படி. என் குடும்பமும் அப்படித்தான் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வசந்தா எனக்கு முன் இருக்கையில். அவள் புடவையிலிருந்து அந்துருண்டை வாசனை வந்தது. இந்த ஊர் ஈரத்துக்குத் துணி பூசணம் பிடிக்கும், அதனால் இருக்கும் என்று அதைத் தாண்டிப் போனேன். சந்தேகத்தைக் கண்ட இடத்திலெல்லாம் செலவழிக்கிறவனுக்கு, செலவழிக்க வேண்டிய இடத்தில் கையிருப்பு இருப்பதில்லை.

படகில் தீவுக்குப் போனோம். எதிரில் உட்கார்ந்த தமிழ் முகங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் கயலைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான்.

பூச்சிக் கூடத்தின் சீட்டு மேசையில் ஒரு சீனப் பெண். குடும்பச் சீட்டு கேட்டேன். எங்களை எண்ணிவிட்டு வசந்தாவைக் காட்டி, "இவங்க?" என்றாள். இந்த முறை ஜாக்கிரதையாக, "வைஃப் சிஸ்டர்" என்றேன்.

"நாட் ஃபேமிலி லா, அங்கிள். அப்பா, அம்மா, பிள்ளைங்கதான் ஃபேமிலி."

"எட்டு வருஷமா எங்க வீட்ல இருக்காங்க."

"ஸாரி லா, அங்கிள்."

வசந்தா அதற்குள் கைப்பையைத் திறந்து தனிச் சீட்டு வாங்கிவிட்டாள். "விடுங்கத்தான், பின்னால ஆள் நிக்குது."

4

உள்ளே விளக்கு மங்கல். சுவரெங்கும் கண்ணாடிப் பெட்டிகள். பொன்வண்டு, கொம்புவண்டு, கை அகல வண்ணத்துப்பூச்சி, செத்த பிறகும் பறப்பதுபோல் விரித்து வைத்த சிறகுகள். முழங்கையளவு குச்சிப்பூச்சி ஒன்று. குச்சி என்றால் குச்சி. எதுவும் அதுவாக இல்லாத இடம். எனக்கு ஏற்ற இடம்தான்.

உயிருள்ள இலைப்பூச்சி என்று எழுதிய பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கொய்யாக்கிளை ஒன்று, இலைகள், அவ்வளவுதான்.

"இதுல ஒண்ணுமே இல்ல. ஏமாத்துறாங்க" என்றேன்.

"உங்க மூக்குக்கு நேரா இருக்கு, அத்தான்" என்றாள் வசந்தா.

"எங்க?"

"அசையுது பாருங்க."

அப்போதுதான் எங்களுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அட! தனமா? எங்க இந்தப் பக்கம்?"

"அட, நீங்களா மேரிக்கா! பாருங்களேன், இங்க வந்து பார்த்துக்கிறோம்!"

அதே இழுப்பு, அதே விரித்த கை. டெல்லி அப்பளக் கடைக்கு முன்னால் கேட்ட அதே "அட!" கடல் தாண்டி வந்து வண்டுகளுக்கு நடுவே நின்றது. ஐம்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் சிலுவை கோத்த சங்கிலி, கையில் கேக் பெட்டி. தற்செயலாக வருகிறவர் பூச்சிக் கூடத்துக்குக் கேக் கொண்டு வருவாரா? அவருக்குப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர். படிய வாரிய தலை, விறைப்பான நீலச் சட்டை. மடிப்புக் கோடு தெரிந்தது, பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டது. கிட்டே வந்தபோது அவரிடமிருந்தும் அந்துருண்டை.

"இது என் தம்பி அருள்தாஸ்" என்றார் மேரி அக்கா. அவர் கும்பிட்டார். நான் அரைக் கும்பிடு போட்டேன். மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமனாக இருக்க வேண்டும். முதலில் ஆள் பார்த்து வரச் சொல்லியிருப்பார்கள். பையனை எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்களோ. அந்தத் தொப்பிக்காரன்தானோ?

"பூச்சியெல்லாம் பிடிக்குமாண்ணே?" என்று கேட்டார் அருள்தாஸ்.

"உங்களுக்கு?"

"எனக்குக் கொஞ்சம் பயம்தான்."

"பயப்படுறவங்க எதுக்கு இவ்வளவு தூரம் வர்றீங்க?"

மேரி அக்கா கயலின் கன்னத்தைத் தடவி, "என்னம்மா படிக்கிறே?" என்றார். அவ்வளவுதான். என் தலைக்குள் எதுவோ பிய்த்துக்கொண்டது.

"இங்க பாருங்க, சார்" என்றேன். குரல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பியது. "எதுக்குச் சுத்தி வளைக்கணும்? எங்க வீட்ல கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு யாரும் இல்ல. யாருமே இல்ல."

மேரி அக்காவின் கையில் கேக் பெட்டி சாய்ந்தது. தனம் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்தாள். அருள்தாஸும் அங்கேதான் பார்த்தார். திரும்பினேன். இலைப்பூச்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வசந்தா நின்றிருந்தாள். முகத்தில் எதுவும் இல்லை. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, வெளிவாசல் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டுப் போய்விட்டாள்.

5

"யூ ஆர் இம்பாஸிபிள், பா." கயலின் கண்ணில் தண்ணீர். அவள் அழுது பார்த்துப் பல வருடம் ஆகிறது. "பார்க்க வந்தது என்னையில்ல. சித்தியை. அதுவும் சித்தியை அவர் பார்க்க வேண்டியதில்ல, தினம் பார்க்கிறார். உங்களுக்குக் காட்டத்தான் அவரைக் கூப்பிட்டோம்."

"தினமா?"

"கம்பெனி வேன் ஓட்டுறவர். நம்ம பிளாக் கீழே காலையில ஹார்ன் அடிப்பாரே, அவர்."

அந்த ஹார்னை எத்தனையோ விடியலில் போர்வைக்குள்ளிருந்து திட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று நினைத்ததில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று தனத்தைக் கேட்டேன்.

"சொன்னா முதல்ல சந்தேகப்படுவீங்க. அப்புறம் ஒரு மாசம் அதை வெச்சு எழுதுவீங்க. அதுக்குள்ள அவ மனசு மாறிடும். எத்தனை நாள் பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வெச்சேன் தெரியுமா?"

"அதுக்கு இந்தப் பூச்சிதான் கிடைச்சுதா?"

"கோயில்னா அவங்க சங்கடப்படுவாங்க. சர்ச்சுன்னா நீங்க சங்கடப்படுவீங்க" என்றாள் கயல். "பூச்சி யாருக்கும் சாமி இல்ல. நான்தான் யோசிச்சேன்."

பஸ்ஸில் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து இவள் என்னத்தை யோசிக்கிறாள் என்று இத்தனை நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. வசந்தா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றதும் எழுந்தாள்.

"வீட்டுக்குப் போலாம், அத்தான். நீங்க சொன்னதுல என்ன தப்பு? கல்யாணத்துக்கு நிக்கிற ஆளா நான்? அக்கா சொல்லுக்கு நானும் ஆடிட்டேன். இந்த வயசுல பெட்டியிலேர்ந்து புடவை எடுத்துக் கட்டிக்கிட்டு..."

மேரி அக்காவும் தம்பியும் கொஞ்ச தூரத்தில், போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். நான் அங்கிருந்தே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார், நான் சொன்னது தப்பு. எங்க வீட்ல இருக்காங்க. வந்து உக்காருங்க" என்றேன்.

வசந்தா உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

தனம் எலுமிச்சைச் சாதத்தைப் பரிமாறினாள். தட்டு சரியாக இருந்தது. சாதம் உள்ளே இறங்க இறங்க, எனக்குள் சரிபார்க்கிறவன் மறுபடி எழுந்துகொண்டான். உங்களிடம் மறைப்பானேன், அந்த மனிதரை நான் இன்னும் நம்பவில்லை. நாற்பத்து மூன்று வயது வரை கல்யாணம் செய்யாதவர் ஏன் இப்போது? வேறு மதம். விதவை என்றால் எதிர்த்துப் பேசமாட்டாள் என்ற கணக்கா? ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா படுக்கையில் கிடந்தார்கள், போன வருடம் தவறிவிட்டார்கள் என்றார். மதத்துக்கு மேரி அக்கா பதில் சொன்னார்: "ஃபாதர்கிட்ட பேசியாச்சு. மாறச் சொல்ல மாட்டோம். பேரும் அதே பேருதான்."

"வேன்ல எத்தனையோ பேர் வர்றாங்க. எதுக்கு எங்க வசந்தா?"

அருள்தாஸ் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "இறங்கும்போது எல்லாரும் கதவை டமால்னு அடிச்சுச் சாத்துவாங்கண்ணே. கம்பெனி வண்டிதானேன்னு. இவங்க மட்டும் மெதுவா சாத்துவாங்க. மூணு வருஷமா. சத்தமே கேக்காது. போயிட்டாங்களான்னு நான் திரும்பிப் பார்க்கணும்."

இதில் சரிபார்க்க எதுவும் இல்லை. இருந்தாலும், "யோசிச்சுச் சொல்றோம்" என்றேன். அது என் வாயின் பழக்கம்.

"யோசிங்கண்ணே" என்றார் அவர். வசந்தாவின் பக்கம் அவர் பார்க்கவில்லை. அவள் கேக்கின் மூலையைக் கிள்ளி, வாயில் போடாமல், விரலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

6

திரும்பும் படகில் ஆறு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். நான் மனதுக்குள் ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன். சம்மதம் என்று நேரே சொல்லாமல், சம்மதம் இல்லாமலும் இல்லாமல், ஒரு கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைப்பதுபோல. கடல் பழுப்பாக இருந்தது. வாக்கியம் படகோடு ஆடிக்கொண்டே இருந்தது.

துறையில் இறங்கியபோது தூறல். அருள்தாஸ் வண்டி நிறுத்துமிடத்தைக் காட்டினார்.

"வேன் இருக்குண்ணே. ஞாயித்துக்கிழமைக்குச் சொல்லிட்டுத்தான் எடுத்தேன். புக்கிட் பாத்தோக்ல விட்டுடறேன்."

நான் தயங்கினேன். அந்த வேனில் போய் எங்கள் பிளாக்குக்குக் கீழே இறங்கினால், கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை கண்ணுக்கும் நான் பதில் சொன்னதாக ஆகிவிடும். தொண்டையைச் செருமி என் வாக்கியத்தை எடுத்தேன்.

வசந்தா முந்திக்கொண்டாள்.

"வேணாம். இனிமே நான் உங்க வேன்ல வரமாட்டேன்."

சாவியை வைத்திருந்த அவர் கை அப்படியே நின்றது. தனம் கண்ணை மூடிக்கொண்டாள். கயல் என் முழங்கையைப் பிடித்தாள். சின்ன வயதில் சாலை கடக்கும்போது பிடிப்பாளே, அப்படி.

"நாளைக்கு ஷிஃப்டுக்கும் கீழே வந்து ஹார்ன் அடிக்காதீங்க" என்றாள் வசந்தா. தரையைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் குரல் தரையில் இல்லை. "பேசி முடிச்சப்புறம் தினம் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு ஒண்ணா போறது வர்றது எங்க வீட்ல வழக்கமில்ல. தாலி கட்டுற வரைக்கும் நான் பஸ்ல போய்க்கிறேன்."

பேசி முடிச்சப்புறம் என்றாள். யார் பேசினோம், எப்போது முடித்தோம்? நான் இன்னும் வாயே திறக்கவில்லை. என் வாக்கியம் யாருக்கும் வேண்டாமல் தூறலில் நின்றது. மேரி அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். "எங்கள்லயும் தாலிதாம்மா கட்டுவோம்" என்றார்.

அருள்தாஸ் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். மறுபடி எடுத்தார். எதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"காலையில அந்த பஸ் ரொம்பக் கூட்டமா இருக்குமே. உக்கார இடமே கிடைக்காது."

"இருக்கட்டும் லா. நின்னுக்கிறேன்."